பில்லில் இருந்த ஒரு சொல்

நான் ஜெயித்த வழக்குகளில் பலவும் மறந்துவிட்டன. 2010-ல் ஜெயித்த ஒன்று மட்டும் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. அதில் இருந்த தொகை 9,640 ரூபாய். சொத்து வழக்குகளும் கொலை வழக்குகளும் நடத்தியவன் இந்தச் சில்லறைத் தொகை வழக்கை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. சட்டத்தின்படி என் வாதம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது என்னால் எதிர்த்தரப்பின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பேனல் வக்கீலாக இருந்தேன். திருவனந்தபுரம் பழவங்காடியில், கணபதி கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு மாடியில் அலுவலகம். ராணுவத்தின் பராமரிப்பில் இருக்கும் கோயில் அது. காலை நேரத்தில் சிதறுதேங்காய் உடையும் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். வஞ்சியூர் நீதிமன்றத்துக்கும் வழுதக்காட்டு நுகர்வோர் மன்றத்துக்கும் போகிறவர்கள் பலர் அங்கே ஒரு காய் உடைத்துவிட்டுத்தான் ஆட்டோ பிடிப்பார்கள். ஒருநாள் நான் படியிறங்கி வரும்போது, கையில் காகிதக் கட்டோடு ஓர் அம்மா தேங்காயை ஓங்கி அடித்துவிட்டுத் தெறித்த சில்லுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரம் கழித்து நுகர்வோர் மன்றத்தில் எனக்கு எதிரே அவரே நின்றார். வக்கீல் வைக்கவில்லை. தன் வழக்கைத் தானே நடத்த வந்திருந்தார்.

நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். சாலைக் கம்போளத்தில் மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கர்ப்பப்பையில் கட்டி என்று நகரத்தின் ஒரு தனியார் மருத்துவமனையில் அதை அகற்றியிருந்தார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. தொல்லை அதற்குப் பிறகு வந்தது.

அறுவைக்குப் பின் வரும் குமட்டலை வெளியாட்களாகிய நாம் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. முழு மயக்கம் கொடுத்து அறுவை செய்யப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. பெண்ணாக இருப்பது, புகைபிடிக்காதிருப்பது, பஸ்ஸில் போனாலே வயிற்றைப் புரட்டும் உடல்வாகு, மார்ஃபின் வகை வலிமருந்து தேவைப்படுவது ஆகிய நான்கும் ஒருவரிடம் சேர்ந்துவிட்டால் ஐந்தில் நான்கு பேருக்கு வாந்தி வரும் என்பது மயக்கவியல் மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. இந்த அம்மாவுக்கு நான்கும் பொருந்தின. வலிக்கு மருந்து கொடுத்தால் அது குமட்டலைக் கிளப்பும். ஓங்கரித்தால் வயிற்றுத் தையல் இழுபடும். இழுபட்டால் வலி ஏறும், மறுபடியும் மருந்து. இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர முடியாமல் மூன்று நாள் கிடந்திருக்கிறார்.

வாந்தியை நிறுத்த மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் சில வருடங்களுக்கு முன் வேறொரு அறுவையின்போது மெட்டோகுளோப்ரமைடு கொடுத்ததில் அவருக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு கண் மேலே செருகிவிட்டது. அந்த மருந்துக்குச் சிலரிடம் அப்படி ஒரு விளைவு உண்டு. அதனால் அதைத் தொட முடியாது. ஒண்டான்செட்ரான் கொடுத்தும் அடங்கவில்லை. அந்த மருத்துவமனையின் மயக்கவியல் மருத்துவர் அக்குபங்சரும் முறையாகப் பயின்றவர். நோயாளியிடம் விளக்கிச் சொல்லி, சம்மதக் கையெழுத்து வாங்கி, இரண்டு மணிக்கட்டுகளிலும் ஊசி வைத்தார். நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் இருபது நிமிடம். முதல் ஊசிக்குப் பிறகு அன்று சாயங்காலமே கஞ்சித்தண்ணீர் வயிற்றில் தங்கியது என்றும், வலி மருந்தின் அளவு பாதியாகக் குறைந்தது என்றும் கேஸ் ஷீட்டில் இருந்தது. ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார்.

காப்பீட்டு நிறுவனம் பில் தொகையில் 9,640 ரூபாயைப் பிடித்துக்கொண்டது. ஊசிக்கான கட்டணம் 800 ரூபாய்தான். மீதி, கடைசி இரண்டு நாளின் அறை வாடகையும் செவிலியர் கட்டணமும். காரணம், பாலிசியின் விலக்குகள் பட்டியலில் இருந்த ஒரு வரி: இயற்கை வைத்தியம், அக்குபிரஷர், அக்குபங்சர், காந்த சிகிச்சை, பரிசோதனை நிலையில் உள்ள மற்றும் நிரூபிக்கப்படாத சிகிச்சைகள், அவை தொடர்பான செலவுகள் ஆகியவற்றுக்குப் பணம் தர மாட்டோம் என்பது. அந்தக் காலத்து மெடிக்ளெய்ம் பாலிசிகளில் இப்படியொரு வரி சகஜம். பில்லின் பன்னிரண்டாவது வரியில் கணக்குப் பிரிவில் யாரோ ‘அக்குபங்சர் – 4’ என்று அடித்திருந்தார்கள். அதற்குப் பதிலாக ‘மயக்கவியல் மருத்துவர் கட்டணம்’ என்று அடித்திருந்தால், கோரிக்கைகளைச் சரிபார்க்கும் டிபிஏ அலுவலகத்தில் எவருடைய பேனாவும் அந்த வரியில் நின்றிருக்காது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தபோது அதன் பெருமையே எளிமைதான். 2010-லும் ஒரு லட்சம் வரையுள்ள முறையீட்டுக்கு நூறு ரூபாய் கட்டினால் போதுமாக இருந்தது, வக்கீல் வேண்டாம், சாட்சிக் கூண்டு வேண்டாம். இரு தரப்பும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வார்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டுமென்றால் பெரும்பாலும் கேள்விகளை எழுதிக் கொடுப்போம், பதிலும் எழுத்தில் வரும். சாமானியர்களுக்கு வசதியாக வைத்த இந்த ஏற்பாட்டில் பழகிய வக்கீலுக்கும் ஒரு வசதி உண்டு. எழுதி வந்த பதிலிலிருந்து தனக்கு வேண்டிய வரியை நிதானமாகப் பொறுக்கி எடுக்கலாம்.

என் வாதம் இரண்டு தூண்களின் மேல் நின்றது. முதலாவது, காப்பீடு என்பது ஒப்பந்தம், அதன் சொற்களை மன்றம் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பது. இதற்கு 2004-ல் ஹர்சந்த் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டினேன். ஒரு கிடங்கில் சரக்கு திருடு போனது, ஆனால் பலவந்தமாக உள்ளே நுழைந்ததற்கு அடையாளம் இல்லை. பாலிசியோ, பலத்தைப் பயன்படுத்தி நுழைந்து திருடினால்தான் இழப்பீடு என்றது. சரக்கு போனது உண்மை என்றாலும் சொல் அப்படி இருக்கிறது என்று நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. இரண்டாவது தூண் 1996-ன் பூனம் வர்மா வழக்கு. ஒரு ஹோமியோபதி மருத்துவர் ஆங்கில மருந்துகளைக் கொடுத்து நோயாளி இறந்துபோன விவகாரம். தான் படிக்காத மருத்துவ முறையைக் கையாள்வதே கவனக்குறைவு என்றார்கள் நீதிபதிகள். அதைத் திருப்பிப் போட்டு, ஆங்கில மருத்துவர் சீன முறையைக் கையாளலாமா என்று கேட்டேன். பொருத்தமான உவமை இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். எதிரே வக்கீல் இல்லாததால் அது நின்றது.

அந்த அம்மா தன் பக்கத்துக்கு மருத்துவரின் பிரமாணப் பத்திரத்தைக் கொண்டுவந்திருந்தார். மூன்று பக்கம். அவ்வளவு நேர்மையான ஒரு பத்திரத்தை மருத்துவர்களிடமிருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அக்குபங்சர் எல்லா நோயையும் தீர்க்கும் என்று அதில் எங்கும் இல்லை. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நோயாளியின் மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு புள்ளியைப் பற்றி மட்டுமே பேசியிருந்தார். சீனர்கள் அதை நெய்குவான் என்பார்கள், மருத்துவ இதழ்களில் அதன் பெயர் பி6. 1980-களில் பெல்ஃபாஸ்ட் நகரத்து மயக்கவியல் பேராசிரியர் ஜான் டண்டீ அந்தப் புள்ளியை அறுவை நோயாளிகளிடம் முறைப்படி சோதித்துப் பார்த்தார். 1997 நவம்பரில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, பெரியவர்களுக்கு அறுவைக்குப் பின் வரும் குமட்டலுக்கும் பல் அறுவைக்குப் பின் வரும் வலிக்கும் இதில் நல்ல பலன் தென்படுகிறது என்றது. வழக்குக்கு முந்தைய வருடம், 2009-ல், காக்ரேன் அமைப்பு 40 ஆய்வுகளை, 4,858 நோயாளிகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்து, அந்தப் புள்ளியைத் தூண்டுவது குமட்டலையும் வாந்தியையும் குறைக்கிறது, வாந்தி மருந்துகளோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்று முடிவுக்கு வந்தது.

வலியைப் பற்றி மருத்துவர் இன்னும் நிதானமாக எழுதியிருந்தார். 2008-ல் 15 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு மதிப்பீட்டில், ஊசி வைத்தவர்களுக்கு ஓபியம் வகை மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. அதற்கு மேல் தான் எதையும் கோரவில்லை என்று முடித்திருந்தார். கூடவே மத்திய அரசின் 2003 நவம்பர் ஆணையின் நகலையும் இணைத்திருந்தார். அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக அந்த ஆணை ஏற்கவில்லை. ஒரு சிகிச்சை வழியாக ஏற்று, பதிவு பெற்ற மருத்துவர்களும் தக்க பயிற்சி பெற்றவர்களும் செய்யலாம் என்றது. பூனம் வர்மா வழக்கை வைத்து நான் எழுப்பிய கேள்விக்கு இந்த ஒரு தாளே முழுப் பதில். ஆனால் அதை எடுத்துப் படித்து, இன்ன வாதத்துக்கு இன்ன பதில் என்று மன்றத்துக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

நான் கேள்விப் பட்டியல் அனுப்பினேன். இது எம்.பி.பி.எஸ். பாடத்தில் உண்டா? இல்லை என்று பதில் வந்தது. ஊசியால் அறுவை செய்துகொண்டதாக ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதிய கதையிலிருந்துதானே இதன் புகழ் தொடங்கியது? நானும் பலரைப் போல அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். மருத்துவர் பொறுமையாகத் திருத்தினார். நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டன் 1971 ஜூலையில் பீக்கிங் போயிருந்தபோது அவருக்குக் குடல்வால் அறுவை நடந்தது. மரத்துப்போக வைத்தது வழக்கமான மருந்துகள்தான். ஊசி வந்தது அதற்குப் பிறகு, வயிறு உப்பிக்கொண்டு அவர் அவதிப்பட்ட இரவில்: முழங்கையில் ஒன்று, முழங்கால்களுக்குக் கீழே இரண்டு. அவர் எழுதியதும் அந்த நிவாரணத்தைப் பற்றித்தான். பின்னால் வந்தவர்கள் அதை ஊசியாலேயே அறுவை என்று மாற்றிச் சொல்லிவிட்டார்கள். அதாவது, நான் மட்டம்தட்ட எடுத்த அந்தக் கதையே இந்த அம்மாவின் கதைதான். அறுவைக்கு மருந்து, அறுவைக்குப் பின் ஊசி.

நான்காவது கேள்விதான் இன்றும் என்னை உறுத்துகிறது. இது எப்படி வேலை செய்கிறது என்பது நிரூபிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டிருந்தேன். ‘செயல்படும் விதம் முழுமையாக நிறுவப்படவில்லை’ என்று பதில் தொடங்கியது. வாக்கியம் அங்கே முடியவில்லை. 1846-ல் ஈதர் மயக்கம் வந்த நாள் முதல் இன்றுவரை பொது மயக்க மருந்துகள் மூளையில் எப்படி வேலை செய்கின்றன என்பதும் முழுமையாக நிறுவப்படவில்லை, அவற்றுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தருகின்றன என்று தொடர்ந்தது. என் எழுத்து வாதக் குறிப்பில் முதல் பாதியை மட்டும் மேற்கோளிட்டேன். முழுப் பதிலும் கோப்பில் இருந்தது, நான் எதையும் மறைக்கவில்லை, மன்றம் விரும்பினால் படித்திருக்கலாம். தொழில் முறைப்படி இது தவறில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாதத்தன்று மன்றத்தின் பெண் உறுப்பினர் என்னிடம் ஒன்று கேட்டார்: அந்த ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் இவரால் வீட்டில் இருந்திருக்க முடியுமா? நல்ல கேள்வி. வழக்கே அதுதான். நான் கேஸ் ஷீட்டைக் காட்டினேன். அந்த இரண்டு நாளிலும் மருந்துப் பதிவு கிட்டத்தட்ட இல்லை. ‘குமட்டல் குறைவு, பி6 இருபுறமும் 20 நிமிடம், தொடரவும்’ என்ற வரிகள்தான். ஊசி வேலை செய்ததால் மருந்து தேவைப்படவில்லை. மருந்து எழுதப்படாததால் மருத்துவமனையில் இருக்கத் தேவையில்லை என்று நான் வாதித்தேன். சிகிச்சை பலித்ததே அதற்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அந்த அம்மா மலையாளமும் தமிழும் கலந்து, “எனக்க கையில குத்தினது எனக்குத் தெரியாதா?” என்று சேலைத் தலைப்பை ஒதுக்கி, இடது மணிக்கட்டின் மேல் வலது கையின் மூன்று விரலை வைத்து அளந்து காட்டினார். கண்ணாடி வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்தன. அங்கே தழும்பு ஏதும் இல்லை. ஊசிமுனை பட்ட இடம் மறுநாளே மறைந்துவிடும். மன்றத் தலைவர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு பாலிசியைப் பார்த்தார்.

உத்தரவு ஒன்றரைப் பக்கம். முறையீட்டாளர் பட்ட சிரமத்தை மன்றம் உணர்கிறது, ஆனால் பாலிசியின் சொற்கள் தெளிவாக இருக்கின்றன, பெயர் சொல்லி விலக்கப்பட்ட சிகிச்சைக்கு மன்றம் பணம் கொடுக்கச் சொல்ல இயலாது, தள்ளுபடி, செலவுத்தொகை இல்லை. கிடங்குத் திருட்டுக்குச் சொன்ன விதி ஒரு பெண்ணின் மணிக்கட்டின் மேல் வந்து உட்கார்ந்தது.

வராந்தாவில் அவர் என்னிடம் வந்தார். கோபம் இல்லை. “அந்த டாக்டர் பில்லுல வேற பேரு எழுதியிருந்தா ரூவா கெடச்சிருக்கும், இல்லியா சார்?”

“கிடைச்சிருக்கும், அம்மா.”

“அப்பம் எனக்க சீக்குக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல” என்றார். முப்பது நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம் என்று சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லக் கூடிய பேச்சில்லைதான், இருந்தாலும் சொன்னேன். அதற்கு எவ்வளவு ஆகும், எத்தனை நாள் கடையை விட்டுவர வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். காகிதக் கட்டைக் கவரில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். மேல்முறையீடு வரவில்லை.

பிறகு எனக்கே இந்த விஷயத்தில் ஓர் ஆர்வம் பிடித்துக்கொண்டது. 1938-ல் காங்கிரஸ் சீனாவுக்கு அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் கோட்னிஸை எல்லாருக்கும் தெரியும். அதே குழுவில் போன பிஜோய் குமார் பாசு, 1950-களின் கடைசியில் மறுபடி சீனா போய் இந்த ஊசி வித்தையைக் கற்று, கல்கத்தாவில் ஏழைகளுக்குச் செய்துகொண்டிருந்தார் என்பதை அப்போதுதான் படித்தேன். அந்த மரபு அங்கே ஊன்றியதால்தான் மேற்கு வங்கம் 1996-லேயே அக்குபங்சருக்கென்று தனிச்சட்டம் போட்டது. ஒரே நாட்டில், ஒரே ஊசி, ஒரு மாநிலத்தில் சட்டத்தின் பாதுகாப்போடும் இன்னொரு மாநிலத்தில் பில்லில் ஒளித்து எழுத வேண்டிய பெயரோடும் இருந்தது.

காக்ரேன் தொகுப்பு 2015-ல் புதுப்பிக்கப்பட்டது. இம்முறை 59 ஆய்வுகள், 7,667 பேர். முடிவு மாறவில்லை. ஆய்வுகளின் தரம் இன்னும் மேம்பட வேண்டும் என்ற குறிப்பும் கூடவே இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2019 பிப்ரவரியில் மத்திய அரசு அக்குபங்சரைத் தனியான சிகிச்சை முறையாக ஏற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் விலக்குகளின் சொற்களை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரி வகுத்தது. அதில் நிரூபிக்கப்படாத சிகிச்சை என்பதற்கு விளக்கம் உண்டு: பலன் தரும் என்பதற்குப் போதிய மருத்துவ ஆவணம் இல்லாதவை. இந்தச் சொல்லமைப்பு அன்று இருந்திருந்தால் என் முதல் தூண் நின்றிருக்காது. பெயர் என்ன என்று கேட்கும் விதிக்கும் ஆதாரம் என்ன என்று கேட்கும் விதிக்கும் நடுவில் அந்த அம்மாவின் 9,640 ரூபாய் விழுந்துவிட்டது.

பழைய விலக்கை எழுதியவர்கள் மனசாட்சி இல்லாதவர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2024 பிப்ரவரியில் இதே நகரத்தில், நேமம் பக்கம், வீட்டிலேயே நடந்த ஒரு பிரசவத்தில் தாயும் சிசுவும் இறந்தார்கள். அக்குபங்சர் சிகிச்சை செய்ததாகச் சொல்லப்பட்ட ஒருவரைப் போலீஸ் கைது செய்தது. குற்றம் யாருடையது என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. ஆனால் மருத்துவமனைக்குப் போக வேண்டிய உடலை வீட்டிலேயே நிறுத்தி வைப்பதற்கும், மருத்துவமனைக்குள்ளே, அறுவை முடிந்த படுக்கையில், மயக்கவியல் மருத்துவரே சம்மதம் வாங்கி வைக்கும் ஊசிக்கும் ஒரே பெயர் இருக்கிறது. யார் கையால், எந்த உபாதைக்கு, எந்த இடத்தில் என்று பிரித்துப் பார்ப்பது விதி எழுதுகிறவர்களுக்குச் சிரமமான வேலை, பெயரைப் போட்டு மொத்தமாக அடைப்பது சுலபம். அந்தச் சிரமத்தைப் பட வேண்டியவர்கள் நாங்கள்தான். வக்கீல்களும் மன்றங்களும் அதற்காகத்தான் இருக்கிறோம். 2010-ல் நான் அதைச் செய்யவில்லை, மன்றத்தையும் செய்ய விடவில்லை.

போன வருடம் ஒரு மத்தியானம் அந்த அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மருமகளுக்கு ஏதோ அறுவை வைத்திருக்கிறார்கள். மகன் எடுத்த பாலிசியைக் கொண்டுவந்திருந்தார். “நீங்கதான் இத நல்லா வாசிப்பீய” என்றார். வேறெந்த அர்த்தமும் வைத்துச் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் காப்பீட்டு நிறுவனத்தின் பேனலிலிருந்து விலகி வருடங்கள் ஆகியிருந்தன. விலக்குகள் பக்கத்தைத் திருப்பினேன். ஆங்கிலத்தில் பொடி எழுத்து.

“அந்தப் பேரு இருக்கா பாருங்க.”

மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தேன். பிறகு விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். இல்லை. 16-வது விலக்குக்கு வந்ததும் அதைத் தமிழில் அவருக்குச் சொன்னேன்: நிரூபிக்கப்படாத சிகிச்சை, அதாவது, பலன் தரும் என்று காட்ட மருத்துவ ஆவணம் இல்லாதது.

“இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார். சொன்னேன். என் மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்து அந்த 16-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டார். அந்த மூன்று பக்கப் பத்திரத்தின் நகல் என் கோப்பில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ஜெராக்ஸ் எடுத்துவர குமாஸ்தாவைக் கீழே அனுப்பினேன்.